கதவுக்கு வெளியே அக்கா: குழந்தைக்குப் பல் பார்க்கும்போது அப்பா அம்மா எங்கே இருக்கணும்?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சு நடை லேசாகத் திருத்தப்பட்டிருக்கிறது.)

இந்த வாரம் நான் பேசுறது சென்னை ரூம்ல இருந்து இல்ல, ஆத்தூர்ல எங்க வீட்டு மாடியில இருந்து. நடுவுல பஸ் ஹார்ன் கேட்டா பொறுத்துக்கோங்க. சேலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் போற வண்டி எல்லாம் எங்க ஊரைத் தாண்டித்தான் போகணும்.

இன்னைக்கு விஷயம் ஒரு கதவு. பல் டாக்டர் ரூம் கதவு. குழந்தை உள்ளே போகும்போது அம்மாவும் அப்பாவும் கூடப் போகலாமா, வெளியவே உட்காரணுமா?

"எனக்குக் கல்யாணமே ஆகல, எனக்கெதுக்கு இது?"ன்னு நினைக்கிறவங்க கொஞ்சம் இருங்க. எனக்கும் ஆகல. ஆனா நான் ஒரு சித்தி. நம்ம வயசுல பாதிப் பேர் யாருக்காவது சித்தியோ, மாமாவோ, அத்தையோதான். வீட்டுல எல்லாரும் வேலைக்குப் போயிருக்கிற நாள்ல "நீ ஃப்ரீயா இருக்கல்ல, பாப்பாவைக் கூட்டிட்டுப் போய்ட்டு வா"ன்னு வர்ற போன் நமக்குத்தான் வரும்.

நடந்தது என்ன?

அக்கா பொண்ணுக்கு நாலு வயசு ஆக இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. ராத்திரி பால் பாட்டிலோட தூங்கிப் பழகின குழந்தை. கீழ் வரிசைக் கடவாப் பல்லுல சொத்தை. ஒரு நாள் ராத்திரி கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டு அழுதிருக்கா, காலையில பார்த்தா லேசா வீக்கம். அக்கா பக்கத்துல இருந்த ஒரு கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடிட்டா. பேர் வேண்டாம். கீழே மெடிக்கல் ஷாப், மேலே கிளினிக்னு எல்லா ஊர்லயும் இருக்குமே, அந்த மாதிரி ஒரு இடம்.

அங்க அசிஸ்டென்ட் பாப்பாவைக் கையில வாங்கிக்கிட்டு, "நீங்க வெளிய உட்காருங்கம்மா, நீங்க இருந்தா அழுவா"ன்னு சொல்லி அலுமினியக் கதவைச் சாத்திட்டாங்க. இருபது நிமிஷம். முதல் அஞ்சு நிமிஷம் பயங்கர அழுகை. அப்புறம் சத்தமே இல்ல. கதவு திறந்தப்போ பாப்பா கையில ஒரு பலூன். "உங்க பொண்ணு சமத்து, கடைசியில அழவே இல்ல"ன்னு சொல்லி அனுப்பினாங்க.

அக்காவுக்கு நிம்மதி. அந்த நிம்மதி அன்னிக்கு ராத்திரி வரைக்கும்தான். பல் தேய்க்க பிரஷ்ஷை எடுத்ததும் பாப்பா ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டா. மறுநாளும் அப்படித்தான். பாலாடையில மருந்து ஊத்தக்கூட வாயைத் திறக்கல. அடுத்த வாரம் ரெண்டாவது சிட்டிங்குக்குப் போனப்போ கிளினிக் மாடிப்படி கிட்டயே உட்கார்ந்துட்டா. ஏறவே இல்ல.

அக்கா எனக்குப் போன் பண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "நான் உள்ள போயிருக்கணுமாடி?"

எனக்குப் பதில் தெரியல. அதுதான் இந்த எபிசோட்.

டாக்டருங்க ஏன் வெளிய போகச் சொல்றாங்க?

முதல்ல அவங்க பக்கத்தைக் கேட்டேன். என்கூட ஸ்கூல்ல படிச்ச ஒருத்தி இப்போ பல் டாக்டர். அவகிட்ட "ஏன்டி எங்களை உள்ள விட மாட்டேங்கிறீங்க?"ன்னு சண்டைக்கே போனேன். அவ சிரிச்சிட்டு, "ஒரு நாள் என் கிளினிக்ல வந்து உட்காரு, உனக்கே புரியும்"னா.

அவ சொன்னதைச் சுருக்கிச் சொல்றேன். நம்ம ஊர்ல ஒரு குழந்தைக்குப் பல்வலின்னா அம்மா மட்டும் வர மாட்டாங்க. அம்மா, அம்மாயி, மாமா, பக்கத்து வீட்டு அக்கான்னு ஒரு ஆட்டோ நிறைய ஆள் வரும். டாக்டர் "வாயைத் திறடா கண்ணு"ன்னு சொன்னா அதே நொடியில நாலு பேர் "திற, திற, ஆ காட்டு"ன்னு சொல்வாங்க. குழந்தை யார் பேச்சைக் கேட்கும்? ஊசி பக்கத்துல வரும்போது அம்மா கண்ணை மூடிக்கிட்டு "ஐயோ சாமி"ன்னு ஒரு மூச்சு விடுவாங்க. அதுவரைக்கும் சும்மா இருந்த குழந்தை அந்த மூச்சைக் கேட்டுத்தான் அழவே ஆரம்பிக்கும்.

அதுக்கும் மேல, நாம வீட்டுலயே விதைச்சு வெச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. "சாப்பிடலன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்." இதைச் சொல்லாத வீடு இருக்கா? வருஷக் கணக்கா மிரட்டிட்டு, ஒரு நாள் அதே டாக்டர் முன்னாடி கொண்டு போய் உட்கார வெச்சு "மாமா நல்லவர், பயப்படாத"ன்னா குழந்தை எப்படி நம்பும்?

டாக்டர் கையில சுத்துற கருவி இருக்கு. ஒரு நொடி குழந்தை தலையைத் திருப்பினா நாக்கோ கன்னமோ கிழியும். அந்த நேரத்துல குழந்தையோட முழு கவனமும் தன்மேல இருக்கணும்னு டாக்டர் எதிர்பார்க்கிறது நியாயம்தான். பெரியவங்களோட பல் பயத்துக்கும் அவங்க குழந்தைங்களோட பயத்துக்கும் தொடர்பு இருக்குன்னு பல ஆய்வுகள் காட்டியிருக்கு. பயந்து நடுங்குற அப்பா உள்ளே இருக்கிறதைவிட வெளிய டீ குடிக்கப் போறதே நல்லதுன்னு ஒரு டாக்டர் நினைச்சா, அதைக் கெட்ட எண்ணம்னு சொல்ல முடியாது.

அப்போ கதவைச் சாத்துறது சரியா? அவசரப்படாதீங்க.

1962ல கேட்ட அதே கேள்வி

அக்கா என்கிட்ட கேட்ட கேள்வியை அறுபது வருஷத்துக்கு முன்னாடியே ஒரு ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பா வெச்சிருக்காங்க. 1962ல அமெரிக்காவுல ஃபிராங்கல், ஷியர், ஃபோகல்ஸ்னு மூணு பேர் எழுதின கட்டுரை. தலைப்பைத் தமிழ்ல சொன்னா, "பல் சிகிச்சை அறையில் பெற்றோர் குழந்தையோடு இருக்க வேண்டுமா?"

மூணரை வயசுல இருந்து அஞ்சரை வயசு வரைக்கும் உள்ள குழந்தைகளை எடுத்துக்கிட்டாங்க. கொஞ்சம் பேருக்கு அம்மா உள்ளே, கொஞ்சம் பேருக்கு அம்மா வெளியே. குழந்தை எப்படி நடந்துக்குதுன்னு நாலு படியா மார்க் போட்டாங்க. முழுசா எதிர்க்குது, கொஞ்சம் எதிர்க்குது, ஒத்துழைக்குது, சந்தோஷமா ஒத்துழைக்குது. இந்த நாலு படி அளவுகோலுக்கு 'ஃபிராங்கல் அளவுகோல்'னு பேர். இன்னைக்கும் பல் மருத்துவக் கல்லூரிகள்ல இதைச் சொல்லித் தர்றாங்க, கேஸ் ஷீட்ல எழுதுறாங்க.

கிடைச்ச விடை இதுதான்: சுமார் நாலு வயசு வரைக்கும் உள்ள குழந்தைகள் அம்மா கூட இருந்தப்போ நல்லா ஒத்துழைச்சாங்க. அதுக்கு மேல உள்ளவங்ககிட்ட பெரிய வித்தியாசம் தெரியல. முக்கியமான இன்னொரு விஷயம், அந்த அம்மாக்கள் உள்ளே பேசிக்கிட்டு இல்ல. பேசாம உட்கார்ந்து பார்த்துக்கிட்டு மட்டும் இருந்தாங்க.

ஏன் நாலு வயசு? அந்த வயசுக்குக் கீழே "அம்மா வெளியதான் இருக்காங்க, பத்து நிமிஷத்துல வந்துடுவாங்க"ங்கிற கணக்கு குழந்தை மனசுல நிக்காது. தெரியாத ஆளு, மூஞ்சியில மாஸ்க், மல்லாக்கப் படுக்க வெச்ச நிலை, கண்ணுல லைட், வாய்க்குள்ள தண்ணி, காதுல உய்ங்ங்னு சத்தம். பெரியவங்களே சேரோட கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சிக்கிறோம். அந்த நேரத்துல குழந்தைக்குத் தெரிஞ்ச ஒரே முகமும் காணாமப் போனா?

எங்க பாப்பாவுக்கு நாலு வயசு இன்னும் முடியல. அந்த ஆய்வுப்படி பார்த்தா அம்மா உள்ளே இருந்தா பலன் கிடைக்கக்கூடிய வயசு.

சத்தம் இல்லன்னா சமாதானமா?

"கடைசியில அழவே இல்ல." அக்கா இதைச் சொன்னப்போ என் மனசு இந்த இடத்துலயே நின்னுடுச்சு. ஃபிராங்கல் அளவுகோல்ல பார்த்தா பாப்பாவுக்கு நல்ல மார்க் கிடைச்சிருக்கலாம். ஆனா அது குழந்தை எப்படி நடந்துக்குதுன்னு அளக்குது. உள்ளுக்குள்ள என்ன ஆகுதுன்னு அளக்காது.

இங்க கொஞ்சம் பல்லை விட்டுட்டு ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகணும். இதே விஷயத்தை உலகம் அங்கதான் கத்துக்கிச்சு. 1950கள் வரைக்கும் பிரிட்டன்ல குழந்தைகள் வார்டுல சேர்த்த பிள்ளையை அப்பா அம்மா நினைச்ச நேரத்துல பார்க்க முடியாது. சில ஆஸ்பத்திரிகள்ல வாரத்துக்கு ஒரு நாள்தான். காரணமா என்ன சொன்னாங்க தெரியுமா? "நீங்க வந்துட்டுப் போனா அழறாங்க, வராம இருந்தா அமைதியா இருக்காங்க." அந்த அசிஸ்டென்ட் சொன்ன அதே வசனம்.

ஜேம்ஸ் ராபர்ட்சன்னு ஒருத்தர் 1952ல ஒரு படம் எடுத்தார். ரெண்டு வயசுப் பொண்ணு ஒண்ணு எட்டு நாள் ஆஸ்பத்திரியில இருக்கு, அவ்வளவுதான் கதை. அவர் காட்டினது என்னன்னா, தனியா விட்ட குழந்தை முதல்ல அழுது எதிர்க்கும், அப்புறம் சோர்ந்து போகும், அதுக்கப்புறம் அமைதியாகி அம்மாவையே கண்டுக்காத மாதிரி ஆகிடும். வார்டுல இருந்தவங்க அந்த அமைதியைப் பார்த்து "பழகிடுச்சு"ன்னு நினைச்சாங்க. அது பழகினதில்ல, கைவிட்டதுன்னு அவர் சொன்னார். பெரிய எதிர்ப்பு வந்தது. ஆனா 1959ல அந்த நாட்டு அரசு அமைச்ச பிளாட் குழு, குழந்தையைப் பார்க்கப் பெற்றோருக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டாம்னு பரிந்துரை பண்ணுச்சு. கொஞ்சம் கொஞ்சமா வார்டுக் கதவுகள் திறந்துச்சு.

இருபது நிமிஷப் பல் சிகிச்சையையும் எட்டு நாள் ஆஸ்பத்திரியையும் ஒண்ணா வைக்கல. ஆனா அழுகை நின்னதை வெச்சு பயம் நின்னுடுச்சுன்னு முடிவு பண்ற தப்பு ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.

பல் மருத்துவத்துலயே இதைவிடக் கடுமையான பழக்கம் ஒண்ணு இருந்தது. கத்துற குழந்தையோட வாயைக் கையால பொத்தி, "நிறுத்தினா கையை எடுக்கிறேன்"னு காதுல சொல்றது. இது புத்தகத்துல இருந்த முறை, பேரோட. அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவ அகாடமி 2006லதான் இதைத் தன்னோட வழிகாட்டுதல்ல இருந்து எடுத்துச்சு. இப்படி ஒரு முறையை அம்மா பக்கத்துல நிக்கும்போது யாரால செய்ய முடியும்? கதவு சாத்தியிருந்தாத்தான் சில விஷயம் நடக்கும். 2015ல அமெரிக்காவுல ஜாக்சன்வில்ங்கிற ஊர்ல ஒரு குழந்தைகள் பல் டாக்டர் கிளினிக் வாசல்லயே பெற்றோர் கூடிப் போராடினாங்க. எங்களை உள்ளே விடலைங்கிறது அவங்க சொன்ன முக்கியமான புகார்கள்ல ஒண்ணு. அந்த டாக்டர் அதே வருஷம் தன் லைசென்ஸை விட்டுக்கொடுத்தார்.

எங்க ஊர் டாக்டர் அப்படின்னு நான் சொல்லல. சொல்லவும் கூடாது, உள்ளே என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. நாலு வயசுகூட ஆகாத குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. எங்களுக்குப் பிரச்சினையே அதுதான்.

நம்ம ஊர் ஏற்கெனவே ஒரு கதவைத் திறந்திருக்கு

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நம்ம ஊர்ல கூட்டம் அப்படி, சரிப்படாது"ன்னு ஒரு பதில் வரும். அதுக்கு நம்ம ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு.

அரசு ஆஸ்பத்திரி பிரசவ அறையைப் பத்தி உங்க அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. ரொம்ப காலம் பொண்ணு உள்ளே, சொந்தமெல்லாம் வராந்தாவுல. 2004ல தமிழ்நாடு அரசு, பிரசவ நேரத்துல பொண்ணுக்கு நெருக்கமான ஒரு பெண்ணைக் கூட இருக்க விடலாம்னு 'பிரசவத் துணை' முறையைக் கொண்டு வந்துச்சு. இந்தியாவுலயே இதை முதல்ல செஞ்ச மாநிலம் நம்மளது. அங்கயும் இதே கவலைதான் இருந்திருக்கும்: இடம் போதாது, தொற்று வரும், குறுக்கப் பேசுவாங்க. அதுக்குக் கண்ட வழி எல்லாரையும் வெளிய நிறுத்துறது இல்ல. ஒரே ஒரு ஆள், பெண்ணா இருக்கணும், என்ன செய்யணும் என்ன செய்யக் கூடாதுன்னு சொல்லி உள்ளே விடுறது.

பல் கிளினிக்குக்கும் இது அப்படியே பொருந்தும். ஆட்டோ நிறைய ஆள் வேண்டாம். ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு ஒரு வேலை.

சட்டமும் கொஞ்சம் பார்ப்போம். 12 வயசுக்குக் கீழ உள்ள குழந்தை தர்ற சம்மதத்தைக் குற்றவியல் சட்டம் சம்மதமாவே எடுத்துக்காது. முன்னாடி இந்திய தண்டனைச் சட்டத்துல 90வது பிரிவு, 2024 ஜூலையில இருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல 28வது பிரிவு. அதனாலதான் உங்ககிட்ட கையெழுத்து வாங்குறாங்க. 2008ல சமீரா கோலி வழக்குல சுப்ரீம் கோர்ட், சிகிச்சை என்ன, எதுக்கு, வேற வழி இருக்கா, என்ன ஆபத்துன்னு சொல்லித்தான் சம்மதம் வாங்கணும்னு தெளிவாச் சொல்லியிருக்கு. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கும் சேர்த்து ஆகாதுன்னும் சொல்லியிருக்கு. அதனால கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி "உள்ள என்ன செய்யப் போறீங்க, குழந்தையைப் பிடிச்சிக்குவீங்களா?"ன்னு கேட்கிறது திமிர் இல்ல.

ரெண்டாவது முயற்சி

பல்லை அப்படியே விட முடியாது. "பால் பல்தானே, விழுந்துடும், கூரை மேல போட்டுக்கலாம்"னு அம்மாயி சொன்னாங்க. கடவாப் பால் பல் விழுறதுக்குப் பத்து, பன்னெண்டு வயசு ஆகும். அதுவரைக்கும் அதுலதான் சாப்பிடணும், கீழே வர்ற நிரந்தரப் பல்லுக்கு அதுதான் இடம் பிடிச்சு வைக்கும். பால் பல்லுல மேல் ஓடு மெல்லிசு, நரம்பு பக்கத்துலயே இருக்கும், அதனால சொத்தை சீக்கிரமா உள்ளே போயிடும்.

சேலத்துல குழந்தைகளுக்குன்னே படிச்ச ஒரு பல் டாக்டரைத் தேடிப் பிடிச்சோம். ஆத்தூர்ல இருந்து ஐம்பது கிலோமீட்டர் சுமார். இந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒரு தகவல்: சேலத்துலயும் திருச்செங்கோட்டுலயும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. குழந்தைகள் பல் பிரிவு இல்லாத பல் மருத்துவக் கல்லூரி கிடையாது. வெளிய ஆகுறதைவிடச் செலவும் பொதுவாக் குறைவு.

போறதுக்கு முன்னாடி போன்ல கேட்டேன்: "நாங்க ஒருத்தர் உள்ளே இருக்கலாமா?" டாக்டர், "வாங்க, ஆனா நான் சொல்றபடி இருக்கணும்"னாங்க. எனக்கு அந்தப் பதில்லயே பாதி நிம்மதி.

முதல் நாள் அவங்க பல்லையே தொடல. அக்கா ஒரு நாற்காலி, டாக்டர் ஒரு நாற்காலி, முட்டியோட முட்டி இடிக்கிற மாதிரி எதிர் எதிரா உட்கார்ந்தாங்க. பாப்பா அக்கா மடியில, அக்கா முகத்தைப் பார்த்த மாதிரி. அப்படியே பின்னாடி சாய்ச்சா தலை டாக்டர் மடிக்கு வரும். மூணு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களை இப்படித்தான் பார்ப்பாங்களாம். பாப்பாவுக்குக் கொஞ்சம் வயசு கூடத்தான், ஆனாலும் பயந்த குழந்தைங்கிறதால அப்படிச் செஞ்சாங்க. படுத்திருந்தாலும் அம்மா முகம் கண்ணு முன்னாடி.

அப்புறம் 'சொல்லு, காட்டு, செய்'. 1959ல ஆடல்ஸ்டன்ங்கிற பல் டாக்டர் எழுதி வெச்ச முறை. ஒவ்வொரு கருவியையும் முதல்ல குழந்தைக்குப் புரியற வார்த்தையில சொல்லணும், அப்புறம் காட்டணும், அப்புறம்தான் செய்யணும். எச்சில் உறிஞ்சுற குழாய் "தண்ணி குடிக்கிற யானை" ஆச்சு. காத்து ஊதுற பைப்பை முதல்ல பாப்பா நகத்துல ஊதிக் காட்டினாங்க. மரத்துப் போற ஊசிக்கு முன்னாடி ஈறுல ஜெல் தடவி, "பல்லைத் தூங்க வைக்கப் போறோம்"னாங்க. "கையைத் தூக்கினா நான் நிறுத்திடுவேன்"னு ஒரு ஒப்பந்தம். பாப்பா சும்மா மூணு தடவை கையைத் தூக்கிப் பார்த்தா. மூணு தடவையும் நிறுத்தினாங்க.

அக்காவுக்குக் கொடுத்த வேலை: பாப்பா கால்மேல கை வெச்சிக்கணும். சிரிச்ச முகமா இருக்கணும். பேசக் கூடாது.

அக்கா ஒரே ஒரு தடவை தவறினா. ஊசி நேரத்துல "வலிக்காது சாமி"ன்னுட்டா. உடனே பாப்பா, "வலிக்குமா?"ன்னா. "வலிக்காது"ன்னு சொன்னா குழந்தை காதுல விழுறது "வலி" மட்டும்தான். டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்காம, "ஒரு எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் பாப்பா, அஞ்சு எண்ணு, போயிடும்"னாங்க. பொய் சொல்லல. பாப்பா அழுதா, ஆனா அக்காவைப் பார்த்துக்கிட்டே அழுதா. அஞ்சு எண்ணி முடிச்சா.

நீங்க கூட்டிட்டுப் போறப்போ

இதுவரைக்கும் சொன்னதுல இருந்து நான் எடுத்துக்கிட்ட விஷயங்கள்:

போறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேளுங்க. கூட இருக்கலாமான்னு மட்டும் இல்ல, இருக்க வேண்டாம்னா எதுக்குன்னும் கேளுங்க. காரணம் சொல்ற டாக்டரோட பேச முடியும். "இங்க ரூல்ஸ் அப்படி"ன்னு மட்டும் வந்தா, சின்னக் குழந்தையா இருந்தா வேற இடம் பாருங்க. வீக்கம், காய்ச்சல் இருந்தா மட்டும் தேடிக்கிட்டே நாளைத் தள்ளாதீங்க.

யார் உள்ளே போறதுன்னு வீட்டுலயே முடிவு பண்ணுங்க. அது அம்மாவாத்தான் இருக்கணும்னு இல்ல. உங்கள்ல பல் டாக்டரைப் பார்த்து யாருக்குப் பயம் கம்மியோ அவங்க போங்க. எங்க வீட்டுல நான் போயிருந்தா நான்தான் முதல்ல அழுதிருப்பேன்.

வீட்டுல முன்கூட்டியே நீளமா விளக்காதீங்க. "பல்லை எண்ணப் போறாங்க" போதும். ஊசி, பிடுங்குறது, ரத்தம்ங்கிற வார்த்தையெல்லாம் வேண்டாம். அழாம இருந்தா ஐஸ்கிரீம்னும் பேரம் பேசாதீங்க, அழற மாதிரி ஏதோ நடக்கப் போகுதுன்னு சொல்றதுதான் அது.

உள்ளே போனா ஒரே குரல்தான் கேட்கணும், அது டாக்டர் குரல். உங்க கை குழந்தையைத் தொட்டிருக்கட்டும், போன் பாக்கெட்டுல இருக்கட்டும். வீடியோ எடுக்காதீங்க.

டாக்டர் நடுவுல "கொஞ்சம் வெளிய இருங்க"ன்னா எப்பவும் சண்டை போடணும்னு இல்ல. அஞ்சாறு வயசுக்கு மேல சில குழந்தைங்க அம்மாவைப் பார்த்தாத்தான் அடம் பண்ணும். அப்போ குழந்தைகிட்ட சொல்லிட்டுப் போங்க, நைஸா நழுவாதீங்க. கதவு திறந்திருக்கட்டும், குரல் கேட்கிற தூரத்துல நில்லுங்க. ஆட்டிசம் மாதிரி தேவைகள் இருக்கிற குழந்தைக்கு அதோட சைகை புரிஞ்ச ஆள் நீங்கதான். வயசு என்னவா இருந்தாலும் கூட இருக்கிறதைப் பத்தி டாக்டர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க.

முடிஞ்சு வீட்டுக்கு வந்த அப்புறமும் வேலை இருக்கு. மரத்துப் போன உதட்டை குழந்தை விளையாட்டா கடிச்சுப் புண்ணாக்கிடும். மரப்பு போற வரைக்கும் சாப்பாடு கொடுக்காம, கண்ணு முன்னாடியே வெச்சுக்கோங்க.

பெரிய பசங்களுக்கு நேர்மாறு. பதிமூணு, பதினாலு வயசுப் பையன் உதட்டுக்குள்ள புகையிலை வைக்கிறானான்னு ஒரு பல் டாக்டர் ஈறைப் பார்த்தே கண்டுபிடிச்சிடலாம். ஆனா அப்பா பக்கத்துல நின்னா அவன் வாயைத் திறந்து பேச மாட்டான். அந்த வயசுல "நான் உள்ள வரட்டுமா?"ன்னு அவன்கிட்டயே கேளுங்க. வேண்டாம்னா வெளிய உட்காருங்க.

இன்னொண்ணு, ஸ்கூலுக்கும் அங்கன்வாடிக்கும் மருத்துவக் குழு வந்து பல் பார்க்கும். 2013ல தொடங்கின தேசிய சிறார் நலத் திட்டத்துல பல்லும் உண்டு, தமிழ்நாட்டுல 2023ல வந்த 'புன்னகை' திட்டமும் பள்ளிப் பிள்ளைகள் பல்லுக்குத்தான். அங்க நீங்க இருக்க மாட்டீங்க. அது பார்த்துச் சொல்றதுக்கு மட்டும். சீட்டு எழுதிக் கொடுத்தா அதைப் பையிலயே கசங்க விடாம, அடுத்த படிக்கு நீங்க கூடப் போங்க.

அக்காவுக்குப் பதில்

அக்கா கேட்டாளே, "நான் உள்ள போயிருக்கணுமாடி?"ன்னு. ஆமா, போயிருக்கணும். ஆனா போகாதது உன் தப்பு இல்ல. வெள்ளைக் கோட்டு போட்டவங்க "வெளிய உட்காருங்கம்மா"ன்னா உட்காரத்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. நானா இருந்தாலும் உட்கார்ந்திருப்பேன். அடுத்த தடவை "ஏன்?"னு ஒரு வார்த்தை கேட்கலாம், அவ்வளவுதான்.

பாப்பாவுக்கு மூணு சிட்டிங் முடிஞ்சுது. பல்லு மேல வெள்ளியாட்டம் ஒரு தொப்பி போட்டிருக்காங்க, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் வாயைத் திறந்து காட்டுறா. பிரஷ் இன்னும் முழுசா சரியாகல. ராத்திரி நான் தேய்க்கப் போனா, "முதல்ல நகத்துல காட்டு"ங்கிறா. நகத்துல தேய்ச்சுக் காட்டுறேன். அப்புறம்தான் "ஆ".

உங்க சின்ன வயசுல பல் டாக்டர் ரூம்ல உங்க கூட யார் இருந்தாங்க? இல்ல, யாருமே இல்லையா? வாய்ஸ் நோட்ல சொல்லுங்க. அடுத்த வாரம் சென்னையில இருந்து பேசுறேன். வரட்டுமா.